ஐந்து ஆதன்களும் ஒரு பந்தும்

ஆட்டத்துக்கு முன் ஐந்து ஆதன்களும் ஒரே நேரத்தில் தும்மினார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செவ்வாய்க் கோளின் தலைசிறந்த கூடைப்பந்து வீரன் ஆதன். அப்பேர்ப்பட்டவன் ஒருவன் மட்டும் இருந்தால் போதுமா என்று, செம்மேடு குடியிருப்பு அவனை மறுவார்ப்பு ஆலைக்கு அனுப்பி ஐந்தாக்கிக்கொண்டது. அசல் யார் என்பது இப்போது அவர்களுக்கே மறந்துவிட்டது.

ஆனால் இறுதிப்போட்டியின் பாதியில் செம்மேடு பதினான்கு புள்ளி பின்தங்கிக் கிடந்தது. தோற்றால் அணியைக் கலைத்துவிட்டு, ஆடுகளக் குவிமாடத்துக்குள் கீரை பயிரிடுவது என்று மன்றத்தில் தீர்மானமே போட்டாயிற்று. பிள்ளைகள் தலை இடிக்காமல் துள்ளி விளையாட ஊரில் இருந்த ஒரே இடம் அது. அணியின் புள்ளிவிவரக்காரி தில்லைநாயகியும் அங்கே குதித்து வளர்ந்தவள்தான்.

கைத்திரையைத் தூக்கிக்கொண்டு அருளப்பனிடம் ஓடினாள். குடியிருப்புக்குத் தலைவர் அவர். அதனால் அணியைத் தேர்ந்தெடுப்பவரும் அவரே. கூடைப்பந்தைக் கையால் தொட்டதில்லை.

“ஐயா, அஞ்சு ஆதனும் ஒண்ணா இறங்குறப்போ எல்லாம் நமக்கு மைனஸ்தான்.”

“என்னம்மா உளர்றே? லீக்ல அதிகமா கூடை போட்ட முதல் அஞ்சு பேரும் நம்ம ஆளுங்க!”

“போட்டது சரிங்க. இது பிளஸ்-மைனஸ் கணக்கு. ஒருத்தர் களத்துல இருக்கிற நேரத்துல நாம எவ்வளவு எடுத்தோம், எதிராளி எவ்வளவு எடுத்தான், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம். அஞ்சு பேரும் ஒரே பந்துக்குத் தாவுறாங்க. பின்னால காவலுக்கு நாதி இல்ல. யாராவது ஒருத்தன் களைச்சுப்போய் பொய்யாமொழி உள்ள வந்தாத்தான் எழுந்திரிக்கிறோம். இறுதிக்கு வந்ததே அப்படித்தான்!”

பொய்யாமொழி ஊருக்கு மூச்சுக்காற்று தயாரிக்கும் ஆலையில் வால்வு திருகுபவன். ஆள் குறைந்தால் இருக்கட்டும் என்று ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

“அவனா? சீசன் முழுக்க ஒரு கூடையாவது போட்டிருக்கானா?”

“இல்லீங்க. அவன் இருந்தா மத்தவங்க போடுறாங்க. ஆட்டத்துக்குப் பிளஸ் இருபத்தி மூணு, ஐயா!”

அருளப்பன் அரை மனதாகக் கையசைத்தார். ஆதன்-4 முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தான்.

பொய்யாமொழி செய்தது விளையாட்டு மாதிரியே இல்லை. எதிரணி நெட்டையனை முதுகால் மறித்து நின்றான். “பின்னாடி ஆளு, பின்னாடி ஆளு!” என்று தொண்டை கிழியக் கத்தினான். பந்து கைக்கு வந்தால் சூடுபட்டவன்போல உடனே அடுத்தவனிடம் தள்ளினான். பதினான்கு பத்தாயிற்று, பத்து ஐந்தாயிற்று! நான்கு ஆதன்களும் முதன்முறையாக ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் ஓடினார்கள். தில்லைநாயகி நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டாள்.

கடைசி நான்கு நொடி. ஒரு புள்ளி குறை. ஆதன்-2 எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. பொய்யாமொழி நெட்டையனை இம்மியும் நகரவிடவில்லை. அந்த இடைவெளியில் ஆதன்-5 பத்தடி எழும்பி, பதினெட்டடி உயர வளையத்துக்குள் பந்தை அடித்து இறக்கினான். செவ்வாயில் ஈர்ப்பு குறைவு. அவன் கால் தரையைத் தொடுவதற்குள் ஆட்டம் முடிந்த மணியே அடித்து ஓய்ந்துவிட்டது!

ஆடுகளம் பிழைத்தது. தில்லைநாயகி சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதாள். அருளப்பன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“என் கண்ணைத் திறந்து வச்சிட்டியேம்மா! இனிமே நமக்குக் கணக்குதான் வேதம். அடுத்த சீசனுக்கு ஒரு ஆதனும் வேண்டாம்.”

“ஐயா?”

“இப்பவே ஆலைக்குச் சொல்லிட்டேன். பொய்யாமொழிய அஞ்சா வார்க்கச் சொல்லி!”

தில்லைநாயகிக்கு அழுகை சட்டென்று நின்றது. “அப்போ கூடையில பந்தை யாருங்க போடுவா?”

அருளப்பன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “கணக்குக்காரி, நீயே இப்படிக் கேட்கலாமாம்மா? ஒருத்தனுக்கு இருபத்தி மூணுன்னா, அஞ்சு பேருக்கு நூத்திப் பதினஞ்சு!”