பின்னல் இல்லாத புதுப்பதிப்பு

"இந்தப் பக்கத்தை எவன் வெட்டினானோ, அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

நூலக வாசலில் கொட்டும் மழையைப் பார்த்தபடி அவள் கத்தியே விட்டாள். பக்கத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றவன் திடுக்கிட்டு ஓரடி நகர்ந்தான்.

கோபம் வராதா பின்னே? சிறுவர் பிரிவின் நூலகர் அவள். கூட வேலை பார்ப்பவர்களுக்குப் 'பட்டாசு'. வாராவாரம் பிள்ளைகளை உட்கார வைத்து நாவல் பேசுவாள். மனசைத் தொட்ட இடத்தை ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். இந்த வாரம், அம்மாவை இழந்த ஒரு சிறுமியின் கதை. தலை பின்னவே தெரியாத அப்பா முதல் தடவையாகப் பின்னிவிடுவார்... கோணல்மாணலாக! "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு அந்தப் பின்னலோடே பள்ளிக்கூடம் போவாள் மகள். அந்த ஒரு பக்கத்துக்காகவே இவள் அந்த நாவலைத் தேர்ந்தெடுத்தாள். பிள்ளைகள் கையிலோ புதுப்பதிப்பு. புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் பின்னலைக் காணோம். "அக்கா ரீல் விடுறாங்க!" என்று சிரித்துவிட்டார்கள்.

"சோகமா இருக்குன்னு எடுத்திருப்பாங்க..." என்றான் அவன், தயங்கித் தயங்கி.

திரும்பினாள். சாரல் பட்டு நனைந்த இமைகள்... திருதிருவென்று விழிக்கும் பெரிய கண்கள். இந்த முகத்தைப் பார்த்து யாருக்காவது கோபம் வருமா என்று தோன்றியது. அவளுக்கு வந்தது.

"சோகமா? அப்பா மனசு நோகக்கூடாதுன்னு ஒரு சின்னப் பொண்ணு பொய் சொல்றா. அது சோகமா, பாசமா? ஏன் எடுத்தாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெட்டினது நான்தாங்க... பதிப்பகத்துல எடிட்டர். மீதிப் பிரதிகளைக் கொடுத்துட்டுப் போக வந்தேன்."

அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெக்கமா இல்ல?"

"முதலாளி என் பெரியப்பா. எடுத்துடுன்னு சொல்லிட்டாரு. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடங்க அது..."

"பிடிச்சதையே வெட்டினீங்களா! எதிர்த்து ஒரு வார்த்தை பேசல?"

"அப்பா போனப்புறம் என்னை வளர்த்தவர். அவர் முன்னாடி எனக்கு வாயே வராது."

"அப்ப அடுத்த வாரம் பசங்க முன்னாடி வந்து திறங்க அந்த வாயை. நான் ரீல் விடலைன்னு சொல்லுங்க!"

மழையிலேயே இறங்கி விடுவிடுவென்று நடந்தாள். வருவானா... இவனாவது வருவதாவது! ஆனால் அந்த வாரம் முழுக்க, வந்துவிட வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தன் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது அவளுக்கு.

வந்தான். பழைய பதிப்பிலிருந்து அந்தப் பக்கத்தை வாசித்தான். முடித்ததும் பிள்ளைகள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள்.

"இதைப் போய் ஏன் சார் எடுத்தீங்க?"

"பாவம்டா, அந்தப் பொண்ணு பொய் சொல்ல வேண்டியதாயிடுச்சு..." என்றான் அவன்.

"பொய்யெல்லாம் இல்ல," என்றாள் ஒல்லியான ஒருத்தி, கோபமாக. "அவளுக்கு நிஜமாவே நல்லா இருந்துச்சு. அப்பா பின்னினதாச்சே!"

கேட்டுக்கொண்டிருந்த நூலகருக்குச் சுரீரென்றது. இத்தனை வருஷமாக அதைப் பொய் என்றல்லவா வாசித்து வந்திருக்கிறாள்! நிமிர்ந்தாள். அவனும் நிமிர்ந்தான். நாலு கண்களிலும் ஈரம்... இருவரும் அவசரமாக வேறெங்கோ பார்த்தார்கள்.

அதன்பின் ஆளையே காணோம். வாரங்கள் போயின. 'வந்தான், வாசித்தான், போய்விட்டான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் குறைந்தா போவான்?' என்று புத்தக அடுக்குகளிடம் பொருமினாள்.

ஒரு மாலை, அடுக்குகளுக்கு நடுவே வந்து நின்றான்.

"பெரியப்பாகிட்ட பேசிட்டேன். அடுத்த அச்சுல அந்தப் பக்கம் வருது."

"திட்டினாரா?" பதறிப்போய்க் கேட்டாள்.

"கொஞ்ச நாள் முகங்கொடுத்தே பேசல. நேத்துதான், 'பிடிச்சிருக்குன்னு அன்னைக்கே ஏன்டா சொல்லல'ன்னு கேட்டாரு. அதே கேள்வியை நீங்களும் கேட்டுடக் கூடாதேன்னு ஓடி வந்தேன். எனக்கு... உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. அன்னைக்கு மழையில திட்டினீங்களே, அப்பலேர்ந்தே."

அவள் கன்னம் சிவந்தது. கண் நிறைந்தது. கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பலேர்ந்தேவா! இத்தனை வாரம் ஒருத்தி இங்க வாசலைப் பார்த்துப் பார்த்துச் சாகறா, உங்களுக்கு இப்பத்தான் வாய் வந்துச்சா?"

"அப்ப... உங்களுக்கும்...?"

"எனக்கும்தான்! போதுமா?" என்று எரிந்து விழுந்தாள்.