கேட்டில் கை தூக்கிய வாட்ச்மேன்

"நாளைக்கு மேடையில வேற ஒருத்தர் பேரைச் சொல்லப் போறாங்க, நீலாக்கா. எங்கப்பா உயிரோட இருக்கும்போதே!"

செருப்பைக் கழற்றும் முன்பே செல்வமேரி சொல்லிவிட்டாள். பக்கத்துப் பேட்டை போபோடியிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தாள். நீலா இன்ஷூரன்ஸ் சர்வேயர். பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக் கட்கி வட்டாரம் முழுக்கப் பேர் வாங்கியவள். அவளுடைய கொழுந்தன் பத்ரி சினிமாப் பைத்தியம். கேஸ் என்றால் அண்ணிக்கு முன்னால் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான்.

ஐம்பது வருஷத்துக்கு முன் லோணாவளாவில் எடுத்த ஒரு மர்மப் படத்தைத் தமிழ் மன்றம் ஞாயிறன்று திரையிடுகிறது. அதில் மூன்றே நிமிஷம் வரும் வாட்ச்மேனுக்குப் பாராட்டு. அவனுக்கு வசனம் கிடையாது, குரங்குக் குல்லாயில் முகமும் தெரியாது, டைட்டிலில் பெயரும் இல்லை. அது தன் அப்பா ஜெயசீலன் என்றாள் செல்வமேரி. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி பத்மநாபன் அது தான்தான் என்கிறார். குல்லாயோடு எடுத்த போட்டோவும் வைத்திருக்கிறார். ஜெயசீலனுக்கோ பக்கவாதத்தில் பேச்சே போய்விட்டது.

"அப்பா எங்கே வேலை பார்த்தார்?"

"வெடிமருந்து ஃபேக்டரியில. லீவு போட்டுட்டு ஷூட்டிங் போனாராம்."

"பீடி பிடிப்பாரா?"

"பிடிப்பார்க்கா. ஃபேக்டரிக்குள்ள மட்டும் கிடையாது."

பத்ரி லேப்டாப்பில் படத்தை ஓட்டினான். வானம் மூடியிருக்கிறது. வாட்ச்மேன் பீடியோடு வருகிறான். பங்களா கேட்டருகே பீடியை அணைத்து, தீப்பெட்டியை மதில்மேல் வைக்கிறான். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கி ஒரு நொடி நிற்கிறான். பிறகு உள்ளே போகிறான்.

"அந்த ஒரு செகண்டுதான் அண்ணி படமே! யாரோ மறைஞ்சு அவனைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். ஹீரோ என்னத்தைக் கிழிச்சார்?"

பத்ரி சொன்னது நியாயம்தான். நாம் கதாநாயகனின் கிராப்பைப் பார்ப்போம், கேட்டைத் திறப்பவனை எங்கே பார்க்கிறோம்? நீலா அந்தக் காட்சியை ஏழு முறை பார்த்தாள்.

மாலையில் மூவரும் போனபோது மன்ற ஹாலில் பத்மநாபன் இருந்தார். நீலா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "கேட்டில் ஏன் சார் கையைத் தூக்கினீங்க?"

"டைரக்டர் சொன்னார்மா. நிழல் பெரிசா சுவத்துல விழணும்னு நாலு டேக் எடுத்தார்."

"அந்த ஷாட்ல மேகமூட்டம் சார். யாருக்குமே நிழல் இல்லை."

பத்மநாபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதனால அது ஜெயசீலன்னு ஆயிடுமா?"

"வெடிமருந்து ஃபேக்டரி கேட்டில் தீப்பெட்டியை வெளியே வெச்சுட்டு, சோதனைக்குக் கையைத் தூக்கி நிக்கணும். தினமும் அப்படி நின்னவர், பங்களா கேட்டிலும் தன்னை மறந்து நின்னுட்டார். செல்வமேரி, இதைப் பத்தி அப்பா சொல்லியிருக்காரா?"

"இல்லையேக்கா."

"அவருக்கே தெரிஞ்சிருக்காது. டைரக்டர் அதை வெட்டாம விட்டார் பாருங்க, அவருக்கு ஒரு கும்பிடு."

"அரே, பக்கா!" என்று பத்ரி துள்ளினான்.

பத்மநாபன் உட்கார்ந்துவிட்டார். "வேஷம் முதல்ல எனக்குத்தான் கொடுத்தாங்க. போட்டோவெல்லாம் எடுத்தாச்சு. கேமரா ஓடினதும் நடக்க வராம நின்னுட்டேன். என் தலையிலேர்ந்து குல்லாயைக் கழற்றி, கூட்டத்துல நின்ன அவருக்கு மாட்டிட்டாங்க. வீட்ல அதைச் சொல்ல வெக்கம். பேரன் பேத்தி வரைக்கும் அந்தப் பொய்யையே சொல்லிண்டிருக்கேன். மன்னிச்சுடும்மா."

செல்வமேரி இளகவில்லை. "எனக்கு மன்னிப்பு வேணாம் சார். அப்பா பேரு வேணும்."

"நானே மைக்ல சொல்றேன்."

சொன்னபடியே செய்தார். ஞாயிறன்று படம் முடிந்ததும், தன் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, "நான் இத்தனை வருஷமாச் சொன்னது பொய். அந்த வாட்ச்மேன் ஜெயசீலன்" என்றார். நீலாவுக்கு முதன்முறையாக அவர்மேல் மரியாதை வந்தது.

ஹால் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. முன்வரிசையில், சக்கர நாற்காலியில் இருந்த ஜெயசீலன் மெல்லத் தலையைத் திருப்பி, பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்.

செல்வமேரி குனிந்து அவர் காதருகே சொன்னாள்: "உங்களுக்குத்தான்ப்பா."