வாசலில் நின்ற வசூலன்

காலை ஆறு மணிக்குச் செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குமிழ்நகரில், கடனுக்கு ஒரு வசூலன் வீதம் இயந்திரங்கள் வந்து வீட்டு வாசல்களில் நின்றன. தகரத் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டுக்காரர் பெயரையும் கடன் பாக்கியையும் தெரு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தன. அதன் பிறகுதான் அந்தத் தெருவில் காப்பி கலப்பார்கள்.

பூமியிலிருந்து குடிவந்து ஆறு மாதமே ஆன தணிகைவேலுக்கு அந்தக் காப்பி இறங்குவதேயில்லை.

"தணிகைவேல். மூன்று செயற்கை நுரையீரல். நாற்பது லட்சம். நாலு தவணை பாக்கி," என்றது அவர் வீட்டு வசூலன்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லக்கூடாதாப்பா?"

"நீங்க மூச்ச மெதுவா விடுறீங்களா சார்?"

எதிர்வீட்டுக்காரர் தன் பாக்கியைக் கேட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். சொரணை கெட்ட தெரு என்று தணிகைவேல் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மகளின் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இந்தத் தகரம் வாயைத் திறந்தால் சம்பந்தம் போயிற்று.

"வேட்டியக் கட்டிவிட்டு எங்க சித்தப்பான்னு சொல்லிடலாமா?" என்றாள் மனைவி சுகந்தி.

"உங்க சித்தப்பா இவ்வளவு தெளிவாப் பேசமாட்டாரே."

கடைசியில் வழக்கறிஞர் பராங்குசத்தைப் பிடித்தார்கள். அவருடைய கறுப்பு அங்கியின் வால் தரையில் படாமல் தூக்கிப்பிடிக்கவே ஒரு ட்ரோன் பின்னால் பறந்துவந்தது.

"வசூலன வாசல விட்டே அனுப்பிடணும், அவ்வளவுதானே? சட்டப்படி ரெண்டு தடவ கேக்கணும். நல்லா யோசிச்சீங்களா?" என்றார் அவர்.

"அனுப்பிடுங்க சார்."

"இன்னொரு தடவ யோசிங்க."

"அனுப்புங்க சார்."

பராங்குசம் வாசலிலேயே வசூலனிடம் வாதாடத் தொடங்கினார். செவ்வாயின் நாள் பூமியின் நாளைவிட முப்பத்தொன்பது நிமிடம் நீளம், ஆகவே பூமிக் கணக்கில் போட்ட வட்டி செல்லாது என்பதுதான் விஷயம். அதைச் சொல்ல அவருக்கு ஐந்து மணி நேரம் ஆனது. குறுக்கே பேச வசூலனுக்கு அனுமதியில்லை. மின்கலம் இரண்டு சதவீதத்துக்கு இறங்கியதும் அது தணிகைவேலிடம் கெஞ்சியது. "எட்டு லட்சம் குடுங்க சார், முடிச்சுக்கலாம். இவர மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."

சுகந்தியின் வளையல்கள் போயின. வசூலனும் போயிற்று.

வெள்ளிக்கிழமை சம்பந்தியாகப் போகிற இருசப்பன் தட்டோடு வந்தவர், வாசலைப் பார்த்ததும் தெருமுனை வரை திரும்பிப்போய் வீட்டு எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு வந்தார்.

"வசூலன் எங்கங்க?"

"கடன முடிச்சாச்சு சம்பந்தி," என்றார் தணிகைவேல் பெருமையாக.

இருசப்பன் தன் மனைவியைப் பார்த்தார். "முடிச்சுட்டீங்களா? அதுக்கப்புறம் யாரும் உங்கள நம்பிக் கடன் குடுக்கலையா? எங்க வாசல்ல ரெண்டு நிக்குதுங்க. பொண்ணு வீட்டுல ஒண்ணாவது நிக்கும்னு நாங்க ஊரெல்லாம் சொல்லியிருக்கோம். சரி, திங்கக்கிழமை வர்றோம். பாத்து ஏற்பாடு பண்ணுங்க."

அவர்கள் போனதும் எதிர்வீட்டுக்காரர் துக்கம் விசாரிக்க வந்தார். கையில் இரண்டு ஆரஞ்சுப் பழம்.

தணிகைவேல் மறுபடியும் பராங்குசத்திடம் ஓடினார். "நாந்தான் ரெண்டு தடவ கேட்டேனே, சட்டப்படி," என்றார் அவர். ட்ரோன் ஆமோதிப்பதுபோல் அங்கியின் வாலை ஆட்டியது.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. மாப்பிள்ளை வீட்டார் தெருவில் நிற்க, வாசலில் இரண்டு வசூலன்கள் தொண்டையைச் செருமின.

"தணிகைவேல். வசூலனை வாடகைக்கு எடுக்க வாங்கிய கடன். ஐம்பது லட்சம்," என்றது முதலாவது.

"தணிகைவேல். வக்கீல் ஃபீஸுக்கு வாங்கிய கடன். எழுபது லட்சம்," என்றது இரண்டாவது.

இருசப்பன் முகம் மலர்ந்து செருப்பைக் கழற்றினார்.

தணிகைவேல் மீசையைத் தடவிக்கொண்டார். "இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுப்பா. எதிர்வீட்டுல டிவி ஓடுது."