நடுவறையில் ஐந்து பூனைகள்

“அப்போ அந்த ஒத்தக்காதுப் பூனையை மட்டுமாவது வெளிய விடேன்.”

“ஒண்ணை விட்டா கதவு திறந்துருமா?”

“திறக்காது. அஞ்சும் போகணும்.”

“பெறகு எதுக்குக் கேக்குறீங்க?”

கதவிலிருந்த சின்னக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அருளப்பன் தாடியைச் சொறிந்தான். இந்தப் பக்கம் அவன் மனைவி ரெஜினா சணல் சாக்கின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு பூனைகள், இடுப்போடு ஒட்டி இரண்டு. ஐந்தாவது, அவள் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த தடித்த கடுவன். அது தின்று முடிக்கும்வரை மற்றவை தள்ளி நிற்கும் என்பதால் குடியிருப்பில் அதற்குக் கலெக்டர் என்று பெயர். பதினோரு நாட்களாகக் கணவனும் மனைவியும் இப்படித்தான் குடித்தனம் நடத்தினார்கள்.

வெயிலைத் தணிக்க வானத்தில் தூளைத் தூவி வான்திரை கட்டிய பிறகு சமவெளி பிழைத்துக்கொண்டது, மலை உறைந்துபோனது. கோத்தகிரியில் தை பிறந்தால் முப்பது நாள் அடைப்பு, யாரும் வீட்டைவிட்டு இறங்க முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கதவுகள், நடுவே நான்கடி அகலத்தில் ஓர் அறை. அடைப்புக்கு முன்தினம் வெளிக்கதவில் ஒரு செங்கல்லைக் கொடுத்து ஒருக்களித்து வைப்பது அந்தக் குடியிருப்புப் பெண்களின் வழக்கம். தெருப் பூனைகள் நடுவறையில் வந்து படுத்துக் குளிரைக் கடத்திவிடும். பழைய ஹீட்டர் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரியும்.

இந்த வருடம் ஆளறி வந்துவிட்டது. சுவருக்குள் இருக்கும் அந்த சென்சார், மனிதன் இருக்கும் அறைக்கு மட்டுமே வெளிச்சமும் வெப்பமும் அனுப்பும். ஓர் ஆளுக்கு ஒரு பங்கு. பூனை அதன் கண்ணுக்கு ஆள் இல்லை.

ரெஜினாவும் வழக்கம்போலச் செங்கல்லை வைத்திருந்தாள். முதல் நாள் காலையில் கண்ணாடி வழியே பார்த்தபோது ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து நடுங்கின. சாக்கு விரித்துவிட்டு இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று போனாள். செங்கல்லை எடுத்து வெளிக்கதவைச் சாத்தினாள். அவள் நின்றதும் அறை சூடானது. திரும்பியபோது உள்கதவு வழிவிடவில்லை. நோய்த்தடுப்பு விதி. வெளியே போகிறவர்களை அது தடுக்காது. விலங்கோடு நிற்கிறவர்களை உள்ளே விடாது. வெளிக்கதவின் பச்சைப் பொத்தானை அழுத்திப் பூனைகளைத் துரத்திவிட்டால் அடுத்த நிமிடமே அவள் வீட்டில் இருக்கலாம்.

பொத்தான் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பதினோரு நாட்களும் அது பச்சையாக மின்னிக்கொண்டே இருந்தது.

பால் பாக்கெட் போடும் திறப்பு வழியாக அருளப்பன் இட்லியும் கருவாடும் தள்ளினான். வாளி மூலையில் இருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. முதல் இரண்டு நாள் திட்டினான். பிறகு, கட்டினவனைவிடக் கலெக்டர்தான் உனக்கு உசத்தி என்று கேலி செய்தான். நான்காம் நாளிலிருந்து தன் பாயைக் கதவோரம் கொண்டுவந்து போட்டுக்கொண்டான். அவனுக்குப் பூனை முடி பட்டாலே தும்மல் வரும்.

தேயிலை ஆலையில் மெஷின் பார்த்தவன் என்பதால் ஆளறியை ஏமாற்றவும் முயன்றான். வெந்நீர்ப் பையைச் செருகிய தலையணைக்குத் தன் சட்டையைப் போர்த்தி நடுக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்ப் பார்த்தான். கூடத்தில் விளக்குகூட எரியவில்லை.

இன்று மதியம் சுவர் அறிவித்தது: நாளையிலிருந்து வெளிக்குளிர் மைனஸ் முப்பது. ஓர் ஆள் பங்கு நடுவறைக்குப் போதாது. உள்ளே இருப்பவர் வீடு திரும்பவும்.

சாயங்காலத்துக்குள் பூனைகளின் தண்ணீர்க் கிண்ணத்தில் பனி ஏடு கட்டியது. ரெஜினாவின் விரல்கள் மரத்தன. சினையாக இருந்த செம்பி, அவள் வயிற்றோடு ஒடுங்கி, விட்டுவிட்டு நடுங்கியது. அவள் பொத்தானைப் பார்த்தாள். அருளப்பனும் அதைத்தான் பார்த்தான்.

“இன்னும் பத்தொம்பது நாள் இருக்கு, ரெஜி.”

“தெரியும்.”

“உன்னால முடியாது.”

“அதுவும் தெரியும்.”

அவன் கண்ணாடியை விட்டுப் போய்விட்டான். உள்ளே எதையோ இழுக்கும் சத்தம், பாத்திரம் உருளும் சத்தம். கோபம் என்று நினைத்துக்கொண்டாள். கோபப்பட வேண்டியவன்தான்.

திரும்பி வந்தபோது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தான். முதுகில் கம்பளிச் சுருள். கையிலிருந்த சாக்கில் அவல், வெல்லம், வேர்க்கடலை, மிச்சக் கருவாடு எல்லாம் இருந்தன. மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான். அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. இரண்டு ஆள், இரண்டு பங்கு.

“கிறுக்கா உங்களுக்கு? ஒரு நாள் முழுக்க ஆளில்லாம கெடந்தா வீட்டை வேற குடும்பத்துக்கு எழுதிருவாங்க. ஒம்போது வருசம் காத்துக் கெடந்து வாங்கின வீடு.”

“நானும்தானே காத்துக் கெடந்தேன்.”

“நீங்க வந்துட்டா திறப்புல சோறு தள்ளக்கூட ஆளில்லை. நீங்களும் திரும்பிப் போக முடியாது.”

அவன் உள்கதவின் கைப்பிடியில் கை வைத்தான். அவனுக்குப் பின்னால் அடுக்களை விளக்கு தானாக அணைந்தது. அதன்பின் படுக்கையறை. ஆளில்லாத அறைகளை வீடு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. கலெக்டர் அவள் தோளிலிருந்து இறங்கி, அவள் பக்கத்தில் மிச்சமிருந்த ஒரு முழ இடத்தில் சுருண்டு படுத்தது. பொத்தான் மின்னியது. ரெஜினாவின் ஒரு கை அதன் பக்கமாகச் சுவரில் இருந்தது. இன்னொரு கை செம்பியின் வயிற்றின்மேல். உள்ளே குட்டிகள் அசைவது விரலில் தெரிந்தது.

துண்டுக்குள்ளிருந்து அருளப்பனின் குரல் மெதுவாக வந்தது.

“கொஞ்சம் தள்ளி உக்காரு, ரெஜி.”