சாபம் என்று பதிந்தவள்

பால்காரர் "நாளைக்குத் தர்றேன்" என்றால் போதும், அவர் கழுத்து வில்லையில் 'வாக்குறுதி' என்று பச்சை விளக்கு எரியும். தராவிட்டால் வழக்கு. பேச்சின் நோக்கத்தை அளக்கும் இந்த நோக்கமானி வில்லை வந்தபின் காயல்பட்டினத்தில் யாரும் வாய்க்கு வந்தபடி பேசுவதில்லை. கேலிக்கு ஒரு நிறம், வேண்டுகோளுக்கு ஒரு நிறம். சாபம் சிவப்பு, சபித்தவருக்குச் சிறை.

கவிதையில் மட்டும் அந்தச் சனியன் தடுமாறும். அப்போது அது எந்த வகை என்று பதிவகத்தில் உம்மு ஹபீபா முடிவு செய்வாள். வளைகுடா வெந்து வாழத் தகாததாகிவிட, கடல் கடந்து இங்கே குடியேறிய அரபுக்காரர்களின் புதுக்கவிதைகள் அவள் மேசைக்குத்தான் வரும்.

அன்று, அப்படிக் குடியேறிய அவள் தோழி ரபாபின் அரபுக் கவிதை வந்தது. குடியேற்றத் தெருவின் குழாயைக் குடிநீர் ஆலைத் தலைவர் அடைத்துவைத்ததில் பிள்ளைகள் மடிந்ததைச் சொல்லி, "என் மகனின் நாவை உலர்த்தியவனே, உன் தாகம் தீராதிருக்கட்டும்" என்று முடிந்தது. ரபாபுக்குப் பிள்ளையே இல்லை. பேசுவது கவிதைக்குள் இருக்கும் தாய் என்று காரணம் காட்டி, 'புலம்பல்' எனப் பதிந்தாள் ஹபீபா. தோழியைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போனாள்.

புலம்பலுக்குத் தடை ஏது? இரங்கல் கூட்டத்தில் ஆலைத் தலைவரே அதை வாசிக்கச் சொன்னார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். குழாய் திறக்கவில்லை.

ரபாப் பதிவகத்துக்கு வந்தாள். குரல் உயரவில்லை.

"நான் அவன சபிச்சேன் ராத்தா. நீங்க என்னை அழ வச்சிட்டீங்க."

"ஜெயிலுக்குப் போயிருப்பியே. அதுல பேசுறது நீ இல்லன்னுதான் எழுதுனேன்."

"பிள்ளயப் பறிகொடுத்தவளுக்கு வாயே வரல. அவளுக்காக நான்தான் பேசுனேன். அவன் பயப்படணும்னு எழுதுனது. இப்ப கைதட்டுறான்."

ஹபீபாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோபம் தோழியின் மேல் அல்ல, தன் பாழாய்ப்போன இரக்கத்தின் மேல். ஒருமுறை பதிந்ததை மாற்றச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அதே வரியை இன்னொருத்தி புதிதாகச் சொல்லலாம்.

மறுநாள் ஆலை வாசலில் தலைவரை வழிமறித்து, கடைசி வரியை அவர் முகத்துக்கு நேரே தமிழில் சொன்னாள். அவள் கழுத்து வில்லை தடுமாறியது. பேசுவது யார், கவிதையா நீங்களா என்று கேட்டது.

"உம்மு ஹபீபா. நான்தான் சொல்றேன்."

சிவப்பு எரிந்தது. காவலர்கள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார்கள். தண்ணீர் பாட்டிலை வாயருகே கொண்டுபோயிருந்த தலைவர், குடிக்காமல் அதை மூடினார்.