தண்ணீரும் இனித்த விருந்து

பாதி காலியான ஒயின் பாட்டிலை அந்த இளம்பெண் மேசைமேல் வைத்த வேகத்தில் நிதானத்தின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது.

துப்பறிவதே தொழிலாகக் கொண்ட அந்த மனிதரை எல்லோரும் நிதானம் என்றுதான் அழைத்தார்கள். கூடவே திரியும் அவருடைய மைத்துனருக்குப் பெயர் பட்டாசு.

"குடிச்சுப் பாருங்க சார். இது இனிக்குதா?"

நிதானம் ஒரு வாய் பருகினார். புளிப்பில் பல் கூசியது. "துளிகூட இல்ல. உட்காரும்மா. யாரு இனிக்குதுன்னது?"

"எங்க அப்பாவோட ஓட்டல்ல இன்னைக்கு மதியம் விருந்துக்கு வந்தவங்க. அங்க ஒயின் வாங்குறது, பரிமாறுறது என் பொறுப்பு. இது பிரெஞ்சு வெள்ளை ஒயின். சோவிஞான், செமியோன்னு ரெண்டு திராட்சையைக் கலந்து செய்யறது. ஒண்ணு வெடுக்குன்னு புளிக்கும், இன்னொண்ணு தேன்மெழுகு மாதிரி வழவழன்னு இறங்கும். ஆட்டுப்பால் சீஸுக்கும் எலுமிச்சை பிழிஞ்ச மீனுக்கும் இதைவிடப் பொருத்தம் கிடையாது. குடிச்சதுமே 'சர்க்கரைப் பாகா இது'ன்னு சிரிச்சாங்க. நல்ல சரக்கைத் திருடிட்டு மட்டமானதை ஊத்திட்டேன்னு அக்கா வீட்டுக்காரர் கத்தினார். தலைமைச் சமையல்காரர் அவர்தான். அப்பா ஒரு சொட்டு வாயில வைக்கல சார். எல்லார் முன்னாடியும் 'வெளிய போடி திருடி'ன்னார்!"

அவள் உதடு துடித்தது. அழுகையில்லை, ஆத்திரம்.

"பாட்டிலைத்தான் யாரோ மாத்தியிருக்காங்க!" என்று பட்டாசு வெடித்தார்.

"பொறு. இனிக்கலைன்னு ஒருத்தர்கூடச் சொல்லலையாம்மா?"

"தாமதமா வந்த ஒரு அம்மா மட்டும் பிரமாதம்னாங்க. முதல் தட்டு பரிமாறி முடிஞ்சிட்டதால அவங்களுக்கு நேரா மீன்தான்."

"முதல் தட்டு, சீஸா?"

"அது வந்து சேரலைன்னு மாமா கடைசி நேரத்துல ஆர்ட்டிசோக்னு முள்ளிதழ் வெச்ச ஒரு மொட்டுக் காயை வெச்சார். ஒயினோட அது ஒத்துப்போகாதுன்னு சண்டை போட்டேன். கேக்கல. போதாக்குறைக்கு, ஒயின் ருசி நீர்த்துப்போகும்னு மேசையில இருந்த தண்ணிக் கூஜாவையெல்லாம் எடுத்துட்டார்."

நிதானம் எழுந்தார். "வண்டியை எடுடா பட்டாசு."

ஓட்டல் சமையலறையில் மாமனாரும் மருமகனும் நின்றிருந்தார்கள். மகளைக் கண்டதும் முதலாளியின் முகம் கடுத்தது.

"இவ கொண்டாந்திருக்கிறது ஒளிச்சு வெச்ச நல்ல பாட்டில்" என்றார் சமையல்காரர்.

நிதானம், தட்டில் மிஞ்சிக் கிடந்த ஆர்ட்டிசோக் மொட்டிலிருந்து ஒரு துண்டை முதலாளியிடம் நீட்டினார். "நல்லா மென்னு முழுங்குங்க. இப்ப இந்தத் தண்ணியைக் குடிங்க."

முதலாளி குடித்தார். கண்கள் விரிந்தன. "தண்ணி... இனிக்குது!"

"ஒயின்ல தப்பில்ல. இந்தக் காய் நாக்கை ஏமாத்தும். சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு நிறைய. காயைச் சாப்பிடாத அந்த அம்மாவுக்கு மட்டும் இனிக்கல."

"எனக்கெப்படிங்க தெரியும்? சீஸ் வரல, கைக்குக் கிடைச்சதை வெச்சேன்" என்றார் சமையல்காரர்.

குளிர்சாதனப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்த பட்டாசு கூவினார்: "அத்தான், இங்க பிரிக்காத ஆட்டுப்பால் சீஸ் அடுக்கடுக்கா இருக்கு!"

"தெரியாமச் செஞ்சவர் தண்ணியை ஏன் எடுக்கணும்?" என்றார் நிதானம். "தண்ணியும் இனிச்சா ஒயின்மேல பழி நிக்காதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது."

சமையல்காரர் தோள்துண்டை வீசியெறிந்தார். "ஆமா! அடுப்புல வேகுறவன் நான். ஓட்டல் இவ கைக்கா? அடுத்த மாசம் சாவியைக் கொடுக்கப் போறாராம்!"

"உங்க சமையலை நான் என்னைக்காவது குறை சொன்னேனா மாமா?" அவள் குரல் சமையலறையை உலுக்கியது. "கேட்டிருந்தா ரெண்டு பேருமா நடத்தலாம்னு நானே சொல்லியிருப்பேனே! எனக்குக் கட்டத் திருடிப் பட்டம்தான் கிடைச்சுதா?"

சமையல்காரர் தலை குனிந்தார். முதலாளி மகளை நெருங்கினார். "தப்பு நடந்துபோச்சும்மா. வா, உள்ள வா."

"அவராவது ஆசையில பொய் சொன்னார். நீங்க எதுக்குப்பா நம்புனீங்க?"

தோளைத் தொட வந்த அப்பாவின் கையை அவள் விலக்கினாள்.

"எல்லார் முன்னாடியும் திருடின்னீங்க. அத்தனை பேர்கிட்டயும் இல்லைன்னு சொல்லுங்க. அப்புறம் வர்றதா வேண்டாமான்னு நான் முடிவு பண்றேன்."

அவள் சாத்திய வேகத்தில் கதவு அதிர்ந்தது. முதலாளி செல்போனை எடுத்து முதல் எண்ணை அழுத்தினார்.

"மதியம் விருந்துக்கு வந்தீங்களே... ஓட்டல்காரன் பேசறேன். ஒயின் பத்தி இல்லைங்க. என் பொண்ணு பத்தி."