வால்வுப் பெட்டியும் வாய்த்துடுக்கும்

மழைக்கு ஒதுங்கியவர்களும் சேர்ந்து ஸ்டீரியோ கடை நிரம்பி வழிந்த நேரம் பார்த்தா அவன் வர வேண்டும்? நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தது ஒரு வால்வு ப்ரீஆம்ப், அதாவது பாட்டு ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் முன் அதைப் பதப்படுத்தும் கருவி. தலைநீட்டும் இரண்டு கண்ணாடி வால்வுகளோடு, சந்தையிலேயே விலை குறைந்த பெட்டி. அதன் மேல் ஒரு சொட்டு விழவில்லை... அவன்தான் தொப்பலாக நனைந்திருந்தான்.

"மேடம்... இங்க வாங்கின டிரான்சிஸ்டர் ஆம்ப்போட இதச் சேர்த்தா, சத்தம் கூட்டினதும் கரகரங்குது. ஆம்ப் பின்னாடி ரெண்டு துளைய இணைச்சு ஒரு வளைஞ்ச கம்பி இருக்கே, அத எடுக்கணுமோ..."

"தெரியாததுல கை வைக்காதீங்க," என்றாள் அவள், நிமிராமலே. கடை முதலாளியின் ஒரே மகள். வாய் கொஞ்சம் நீளம். "எங்க ஆம்ப்ல குறை இல்ல. உங்க டப்பாதான் கோளாறு."

"இது குரலுக்கு இதம் குடுக்கும். உங்க ஆம்ப்புக்கு நல்ல பலம். ரெண்டும் சேர்ந்தா..."

"காசுக்குத் தகுந்த சத்தம்தான் சார் வரும். வசதி இல்லன்னா ரேடியோ கேளுங்க."

கடையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்... அகலமான, ஈரமான கண்கள் அவனுக்கு. அவற்றில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. அவன் பெட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான்.

சில நாள் கழித்து, அந்தக் கண்கள் உறுத்திக்கொண்டே இருக்க, கடையிலேயே விலை உயர்ந்த வால்வு ப்ரீஆம்பை அதே ரக ஆம்ப்போடு இணைத்தாள். அதே கரகரப்பு. ஆம்ப்புக்குள்ளும் ஒரு ப்ரீஆம்ப் இருக்கிறதே, இரண்டும் சேர்ந்து ஒலியை மிகையாக்குகின்றன... அந்தக் கம்பியை உருவினால்தான் அது ஒதுங்கி வழிவிடும். உருவி, வால்வு ப்ரீஆம்பின் வயரை அந்தத் துளையில் செருகினாள். பாடுகிறவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் குரல் தெளிந்தது. அவளுக்குக் காது மடல் வரை கொதித்தது. சீ, என்ன பேச்சுப் பேசிவிட்டோம்...

"தப்பு நம்மளோடதுப்பா. போய்ச் சொல்லிட்டு வரேன்."

"கஸ்டமர் வாசல்ல போய் நிப்பியா? மானம் போயிடும் பாப்பா."

"அது அன்னைக்கே போயிடுச்சுப்பா."

அவன் ஆம்ப் வாங்கிய பில்லில் இருந்த விலாசம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கண் பரிசோதிப்பவன் அவன். அவனைப் பார்த்ததும் வந்த வழியே ஓடிவிடலாமா என்றிருந்தது. "கண்ணு... மங்கலா இருக்கு," என்று உளறி உட்கார்ந்துவிட்டாள். விளக்கணைத்து, நாடியைக் கருவியில் வைக்கச் சொன்னான். முகத்தைத் திருப்பக்கூட வழியில்லை. எதிரே, ஒரு சாண் தூரத்தில், அதே கண்கள்...

"அசையாதீங்க. நேராப் பாருங்க."

"கம்பி விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரி." நாடி அழுந்தியதில் சொற்கள் நசுங்கி வந்தன. "அத விடுங்க... வசதி இல்லன்னா ரேடியோ கேளுன்னேனே. அத நினைச்சா சோறு எறங்கல. வெக்கமா இருக்கு."

"கண்ணு கலங்கினா எனக்கு உள்ள ஒண்ணும் தெரியாது மேடம்."

அவன் கருவியை விட்டு விலகினான்.

"நானும் வெக்கப்படணும்... கம்பிய நான் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். பாட்டு அருமையாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு மழையில தூக்கிட்டு வந்தீங்க?"

"ஆம்ப் வாங்க வந்தப்ப உங்களப் பாத்தேன். மறுபடி வர ஒரு காரணம் வேணுமே... எல்லாரும் சிரிச்சாங்கதான். ஆனா நீங்க நிமிந்து பாத்தீங்க."

பொய் சொன்னவனும் அவன், அவமானப்பட்டவனும் அவன். கோபித்துக்கொள்ளக்கூட அவளுக்கு முகமில்லை.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல மேடம்," என்றான், பரிசோதனைச் சீட்டைத் தேடுவதுபோல் குனிந்து.

"தெரியும். கோளாறெல்லாம் வாயிலதான்." இந்த முறை அவள் குனியவில்லை. "அந்த வாயாலயே சொல்றேன். உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."